கரி பூசிய இரும்பு

முகத்தில் கரி பூசுவதை நாம் அவமானம் என்போம். மின்கலத் தொழிலிலோ கரி பூசப்படாத இரும்பு பாஸ்பேட் ஏறத்தாழ உதவாத தூள்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய், 2024 ஏப்ரலில் எக்ஸைடு எனர்ஜியுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களை இந்தியாவிலேயே பெறுவது அதன் நோக்கம். ஒரகடம் வரை காரும் லாரியும் உருவாகும் இவ்வட்டாரம் அந்தச் செல்லுக்காகக் கடல் கடந்து பார்த்திருக்க நேர்ந்தது எவ்வாறு?

அறிவு இல்லாமையால் அன்று. மதுரையில் வேதியியல் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களில் ஜான் குட்இனஃப்புடன் சேர்ந்து, சல்பேட் போன்ற கூட்டயனிகள் இரும்புச் சேர்மங்களின் மின்னழுத்தத்தை உயர்த்தும் என்று காட்டினார். அவ்வழியிலேயே 1997இல் குட்இனஃப் குழு இரும்பு பாஸ்பேட்டை அறிவித்தது. மலிவானது, எளிதில் தீப்பற்றாதது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தத் தயங்குவது. கனடாவில் மிஷெல் ஆர்மாண்ட் முதலியோர் அதற்கு மருந்து கண்டனர். சர்க்கரை போன்ற கரிமப் பொருளைக் கலந்து, காற்றுப் படாமல் சுட்டால், ஒவ்வொரு துகள் மீதும் சில நானோமீட்டர் தடிப்பில் கரிப்படலம் படியும். (பாகு கருகிய பாத்திரத்தைத் தேய்த்தவர்களுக்கு அதன் பிடிப்பு தெரியும்.) பின்னர் நானோ குழாய்களும் கிராஃபீனும் இக்கலப்பில் சேர்ந்தன. எரிபொருள் கலத்திலும் பிளாட்டினத் துகளைத் தாங்குவது கரியே.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம்மிடம் இருக்கிறது. லித்தியம் மின்கலத் தொழில்நுட்பத்தை ஒரு தனியார் நிறுவனத்துக்கு அளிக்க அது ஒப்பந்தமிட்டதோ 2018இல்தான்.

ஆய்வகத்தில் கிராம் கணக்கில் பூசுவதும், ஆலையில் டன் கணக்கில் ஒரே தடிப்பில் பூசுவதும் வெவ்வேறு வித்தைகள். இரண்டாவதைச் சீனா கற்றது. காப்புரிமை வைத்திருந்தோர், சீனச் சந்தைக்குள் மட்டும் விற்போரிடம் உரிமத்தொகை கேட்பதில்லை என்று இசைந்ததும் அதற்குக் கைகொடுத்தது. முக்கியக் காப்புரிமைகள் 2022 வாக்கில் காலாவதியாகிவிட்டன. இனி அந்தச் சாக்கு நமக்கில்லை.

செல் இங்கே செய்யப்படும் என்கிறார்கள்; மகிழ்ச்சி. அதனுள் இடும் கரி பூசிய தூளை எந்த ஊர் உலையில் சுடப்போகிறார்கள் என்பதே நாம் கேட்க விரும்புவது.