கணக்குக் காட்டாதவர்

ஒரகடத்துத் தொழிற்சாலைகளைக் கடந்து, வாலாஜாபாத்தில் தெற்கே திரும்பினால் உத்திரமேரூர் வரும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலையைப் பலரும் புகழ்வர். நம் மனம் நின்றது வேறிடத்தில். வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமன்று, அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள் முதலான உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர்! ஏரி வாரியத்தார் கையில் இருந்தது ஊரார் தண்ணீரன்றோ? அமானிதம் என்று நாம் வழங்கும் சொல்லின் கனத்தை அச்சபையார் அறிந்திருந்தனர்.

ஆயினும் நிலமும் கல்வியும் உடையோர் பெயரே ஓலையில் ஏறிற்று. நிலமற்ற உழைப்பாளிக்கு வாக்குரிமை கிட்டியது 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான். இன்று ஒரகடத்தைச் சூழ்ந்த ஊர்களிலும் கிராம சபையில் வரவு செலவு படிக்கப்படுகிறது. அமர்ந்து கேட்போருள் நம்மவரைக் காண்பது அரிது.