கோமகன் பெயரும் கூலிகளின் கரமும்

சென்னையின் பக்கிங்காம் கால்வாயைக் கண்டிருக்கிறோம். அதன் கதையைக் கேட்டிருக்கிறோமா?

தந்தையின் கடனுக்காக 1848-இல் ஸ்டோவ் மாளிகைப் பொருள்கள் ஏலம்போயின. 1861-இல் பக்கிங்காம் கோமகன் பட்டமேற்ற மைந்தர், 1875-இல் சென்னைக் கவர்னராக வந்தார். மறு ஆண்டே தாது வருடப் பஞ்சம்! மழை பொய்த்தது இயற்கை. பசித்தவர் கண்முன்னே தானியம் கப்பலேறியதும் இயற்கையா? விதியா? அல்ல, ஆட்சி!

கோமகனின் அரசு தானியம் வாங்க முனைந்தது. வைசிராய் லிட்டனின் அரசு தடுத்தது. 1877 தொடக்கத்தில் நிவாரண நாட்கூலி, ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் எனச் சுருங்கியது. கோமகன் பணிந்தார், பதவி நிலைத்தது, பட்டினியும் நிலைத்தது.

1877–78-இல் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்திட, பஞ்ச நிவாரண வேலையாக மண் வெட்டினர் மெலிந்த மக்கள். வெட்டியது அவர் கரம். வாய்க்காலுக்கு வாய்த்ததோ கோமகன் பெயர்!

கவர்னர் வரலாற்றைக் கற்போம். கரையில் நின்று, கரைந்துபோன மக்களையும் எண்ணுவோம்.