இலண்டன் கழிவுநீர்க் கசடு அகற்றல் வரலாறு

கழிவுநீரைச் சுத்திகரிக்கும்போது அதிலிருந்து பிரிந்து அடியில் தங்கும் சேறு கழிவுநீர்க் கசடு எனப்படும். பார்வைக்குச் சேறாக இருந்தாலும் இதில் 90 விழுக்காட்டுக்கு மேல் நீரே உள்ளது. இங்கிலாந்தின் இலண்டன் மாநகரம் தனது கசடை 1887 முதல் 1998 வரை கப்பல்களில் ஏற்றிக் கடலில் கொட்டியது. நீரைத் தூய்மையாக்குவதோடு வேலை முடிவதில்லை, பிரித்தெடுத்த அழுக்கை எங்கே வைப்பது என்ற கேள்வி மிஞ்சி நிற்கும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

பின்னணி

1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆற்றின் நாற்றம் நாடாளுமன்றக் கட்டடத்தினுள்ளும் புகுந்தது. இந்நிகழ்வு 'பெரும் நாற்றம்' என்று அழைக்கப்படுகிறது. அதன்பின் பொறியாளர் ஜோசப் பசல்கெட் தலைமையில் பெரும் பாதாளச் சாக்கடைகள் கட்டப்பட்டன. அவை நகரின் கழிவைக் கிழக்கே கொண்டுசென்று, வடகரையில் பெக்டனிலும் தென்கரையில் கிராஸ்னெஸிலும் ஆற்றில் விட்டன. கழிவு எவ்வகையிலும் சுத்திகரிக்கப்படவில்லை. நகரின் நடுப்பகுதி தூய்மையானது, ஆனால் கீழ்ப்பகுதி ஆறு சாக்கடையானது.

பிரின்சஸ் ஆலிஸ் விபத்து

1878 செப்டம்பர் 3 அன்று மாலை, உல்லாசப் பயணிகளுடன் திரும்பிக்கொண்டிருந்த பிரின்சஸ் ஆலிஸ் என்ற நீராவிக் கப்பல், பைவெல் காசில் என்ற சரக்குக் கப்பலுடன் மோதி மூழ்கியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கழிவு ஆற்றில் திறந்துவிடப்படும் இடத்திற்கு அருகிலேயே விபத்து நடந்ததால், ஆற்றின் நிலை குறித்து மக்களிடையே கடும் அதிருப்தி எழுந்தது. 1882இல் அரச ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. கழிவிலுள்ள திடப்பொருளைப் பிரித்த பிறகே நீரை ஆற்றில் விட வேண்டும் என்று அது வலியுறுத்தியது.

கசடுக் கப்பல்கள்

சுண்ணாம்பும் இரும்பு உப்பும் சேர்த்து அழுக்கைத் தொட்டிகளின் அடியில் படிய வைக்கும் முறை கையாளப்பட்டது. படிந்த கசடைக் கொண்டுசெல்ல 1887இல் முதல் கப்பல் பணிக்கு வந்தது. அதற்குப் பசல்கெட்டின் பெயரே இடப்பட்டது. கப்பல்கள் தேம்ஸ் கழிமுகத்துக்கு அப்பால் சென்று, அடிப்பகுதி அடைப்பான்களைத் திறந்து கசடைக் கடலில் விட்டன. இரு உலகப் போர்களைக் கடந்தும் இம்முறை நீடித்தது.

1914இல் மான்செஸ்டரைச் சேர்ந்த எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் ஆகியோர் 'கிளர்வுற்ற கசடு' முறையை வெளியிட்டனர். கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை உண்ணும். நீர் முன்னிலும் தெளிவாகும். ஆனால் பெருகிய நுண்ணுயிர்த் திரளும் கசடாகவே சேரும். அதாவது, சுத்திகரிப்பு மேம்பட மேம்படக் கசடின் அளவும் கூடியது.

மேற்கு இலண்டனில் 1936இல் திறக்கப்பட்ட மோக்டன் நிலையம் வேறு வழியைப் பின்பற்றியது. அங்கே காற்றில்லாத் தொட்டிகளில் கசடைச் செரிக்கவிட்டு, கிடைத்த எரிவளியால் இயந்திரங்களை இயக்கினர். எஞ்சிய கசடு குழாய் வழியாகப் பெரி ஓக்ஸ் என்ற இடத்திற்கு அனுப்பப்பட்டது. அந்த நிலத்தில்தான் இன்று ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் நிற்கிறது.

கடலில் கொட்டுதலுக்குத் தடை

வீட்டுக் கழிவுடன் தொழிற்சாலைக் கழிவும் ஒரே சாக்கடையில் கலப்பதால் ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் கசடில் தங்கின. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்த 1972இல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று உருவானது. பின்னர் ஐரோப்பிய சமூகத்தின் 1991ஆம் ஆண்டு ஆணை, கசடை நீர்நிலைகளில் விடுவதை 1998 இறுதிக்குள் நிறுத்தப் பணித்தது. கசடுக் கப்பல்களின் நூற்றாண்டுப் பணி அத்துடன் முடிந்தது.

இன்றைய நிலை

கப்பல்களுக்கு மாற்றாகப் பெக்டனிலும் கிராஸ்னெஸிலும் எரிஉலைகள் அமைக்கப்பட்டன. அவற்றின் வெப்பத்திலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. எனினும் சாம்பல் மிஞ்சுகிறது, புகையையும் வடிகட்ட வேண்டியுள்ளது. பிரித்தானியாவில் பெரும்பகுதிக் கசடு பதப்படுத்தப்பட்டு வயல்களுக்கு உரமாகிறது. அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பயிருக்கு நல்லவை. ஆனால் நுண்நெகிழியும் எளிதில் சிதையாத வேதிப்பொருள்களும் மண்ணில் சேரும் என்ற கவலை எழுந்துள்ளது.

ஆறு, கடல், காற்று, மண் எனக் கசடு இடம் மாறியதே தவிர முற்றாக மறையவில்லை. சாக்கடையில் எதை விடக்கூடாது என்று தொடக்கத்திலேயே கட்டுப்படுத்தினால்தான் முடிவில் கிடைக்கும் கசடு கேடற்ற உரமாகும்.