அகலமான பின்சக்கரமும் ஹெரால்டின் அச்சும்

கோலார் பக்கத்து வயல்களில் ஓடும் டிராக்டரைக் கவனித்தவர்களுக்கு இந்தப் பதிவில் பாதி ஏற்கெனவே தெரியும். முன்னால் ரெண்டு சின்னச் சக்கரம், பின்னால் பெரிசாக, அகலமாக ரெண்டு. என்ஜினின் சக்தி முழுக்க பின்சக்கரம் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது. கலப்பை மண்ணைக் கடிக்கும்போது பாரமும் பின்னால்தான் விழுகிறது. பிடி எங்கே வேண்டுமோ அங்கே ரப்பர். முன்சக்கரத்துக்குத் திரும்புவது மட்டும்தான் வேலை.

அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மூன்றும் இதே ரகம்தான், பின்சக்கரம் தள்ளி ஓடுபவை. இந்தக் கணக்கு இப்போது எதற்கு என்றால், பங்காருபேட்டையில் இருக்கும் சித்தப்பா பையன் ஒரு பழைய ஹெரால்டை வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறான். பின்னால் மட்டும் அகலமான ரிம்மும் டயரும் போடட்டுமா அண்ணா என்று கேட்கிறான். நான் படித்தது பி.காம்., செய்வது பேங்க் வேலை, உட்கார்ந்திருப்பது மெல்பர்னில். ஆனால் கடன் மனு பார்த்துப் பார்த்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எது அழகு என்பதற்கு முன்னால் எது உடையும் என்று பார்ப்பேன் :-)

முதலில் அளவுகள். அம்பாசடருக்கு 5.90-15, ஃபியட்டுக்கு 5.20-14, ஹெரால்டுக்கு 5.20-13. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். 5.20 என்றால் 132 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண் கூட இல்லை. எல்லாம் நைலான் டயர், நாலு சக்கரத்துக்கும் ஒரே அளவு.

இந்த ஒல்லி டயருக்கு ஐரோப்பாவில் ஐம்பதுகளில் ஒரு நியாயம் இருந்தது. என்ஜின் சின்னது, பெட்ரோல் மிச்சம், ஸ்டியரிங் லேசாக இருக்கும். அங்கே அது மாறிவிட்டது, நம்மிடம் உறைந்து நின்றுவிட்டது. ஏன் என்பதற்கு என் தொழில் சார்ந்த விளக்கம் ஒன்று உண்டு. கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் என்று மூன்றே மூன்று கார் கம்பெனிகள். 1969இல் மத்திய அரசு கார் விலைக் கட்டுப்பாட்டு ஆணை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. விற்கும் விலையை அரசு முடிவு செய்யும், வாங்குகிறவர் வருஷக்கணக்கில் க்யூவில் நிற்பார் என்றால், எந்த முதலாளி அகல ரிம்முக்குச் செலவு செய்வார்? டயர்த் தொழில் பக்கத்திலேயே இருந்தும் இந்த நிலைமை. திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப். 1961இல் டயர் செய்யத் தொடங்கியது. டன்லப் 1959இல் அம்பத்தூருக்கு வந்தது.

வெளியே நடந்தது வேறு. போருக்குப் பிறகு அமெரிக்கப் பையன்கள் பழைய ஃபோர்டுகளை வெட்டிப் பெரிய என்ஜின் வைத்து, பின்னால் கொழுத்த டயர் மாட்டினார்கள். அது ஆட்டம். ஆனால் 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே காட்டிய கரேரா ஆர்.எஸ். 2.7 விளையாட்டு இல்லை. முன் ரிம் 6 அங்குலம், பின் ரிம் 7 அங்குலம். முன் டயர் 185, பின் டயர் 215. என்ஜினே பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிற கார் அது. அந்த பாரத்தைத் திருப்பத்தில் பிடித்து நிறுத்த ரப்பர் தேவைப்பட்டது, அதற்காகவே பின் மட்கார்டை வெளியே இழுத்தார்கள்.

நம் பக்கத்தில் இதன் அருமை தெரிந்த இடம் சோழவரம். சென்னைக்கு வடக்கே போர்க்காலத்து விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் ஆரம்பித்தது, பல வருஷம் அங்கேதான் பந்தயம் நடத்தியது. வீட்டுக்கு மளிகை வாங்கப் போகிற அதே ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும், என்ஜினைக் கடைந்து, எடையைக் கழித்து, அங்கே ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது.

இதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து கணக்கையே திருப்பிப் போட்டது. இழுப்பதும் முன்சக்கரம், திருப்புவதும் முன்சக்கரம். பின்சக்கரம் சும்மா கூட வருகிறது. அதன் பிறகு பின்னால் மட்டும் அகல டயர் போட்டவர்கள் செய்தது, என் கருத்தில், வெறும் நகை மாட்டும் வேலை. கோவை கரிவர்தனுக்கு இது புரிந்திருந்தது. எண்பதுகளின் கடைசியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தபோது அதே மாருதி என்ஜினை எடுத்து ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார். 1995இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். பெரிய இழப்பு.

ஹெரால்டுக்கு வருவோம். 1959இல் இங்கிலாந்தில் வந்த கார், வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. 1961இல் இருந்து வண்டலூரில் செய்தார்கள். பானெட் மொத்தமும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும், ஆட்டோ மாதிரி சின்ன இடத்தில் திரும்பும். ஆனால் பின்பக்கம்தான் வில்லங்கம். அம்பாசடரில் இரண்டு பின்சக்கரமும் ஒரே உலக்கையில் மாட்டிய மாதிரி எப்போதும் நிமிர்ந்து நிற்கும். ஹெரால்டில் நடுவில் டிஃபரென்ஷியல் சட்டத்தோடு இருக்கும், அங்கிருந்து இரண்டு ஹாஃப் ஷாஃப்டும் கதவுக் கீல் மாதிரி மேலும் கீழும் ஆடும். சக்கரமும் கூடவே சாயும். வேகமாகத் திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும்.

இங்கேதான் அகலம் எதிரியாகிறது. அகலமான டயர் தட்டையாக நின்றால்தான் பிடிக்கும். சாய்ந்தால் ஒரு ஓரம் மட்டும் ரோட்டைத் தொடும், காசு கொடுத்து வாங்கிய மீதி ரப்பர் காற்றில் நிற்கும். ஒல்லி டயர் இந்தச் சாய்வை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கம்பெனிக்கும் தெரியாமல் இல்லை. இங்கிலாந்தில் இதே குடும்பத்து ஸ்பிட்ஃபயரில் 1970இல் பின் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். வண்டலூரில் 1972இல் வந்த கெஸலில் ஆடும் அச்சையே தூக்கிவிட்டு அம்பாசடர் மாதிரி ஒற்றை அச்சு போட்டார்கள்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று. ஹெரால்டின் ஹாஃப் ஷாஃப்ட் சக்கரத்தைச் சுற்றுவதோடு அதன் பாரத்தையும் சுமக்கிறது. சக்கரத்தை ஒரு அங்குலம் வெளியே தள்ளினால், நெம்புகோலை நீட்டிப் பிடித்த மாதிரி, ஷாஃப்டை வளைக்கும் விசை கூடும். இந்தக் கார்களில் ஷாஃப்ட் உடைவது உலகம் முழுக்க பிரசித்தம். உடைந்தால் சக்கரம் தனியாகப் போகும், கார் தனியாகப் போகும்.

ரிம்முக்கும் சிக்கல். ஹெரால்டின் நாலு போல்ட்டும் 3.75 அங்குல வட்டத்தில் இருக்கும், கடையில் தொங்கும் அலாய் எதுவும் சேராது. அடாப்டர் வைத்தால் சக்கரம் மறுபடி வெளியே தள்ளும். இரும்பு ரிம்மை நடுவில் அறுத்து, பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலமாக்குவது பழைய முறை. அதற்கு ஆள் கிடைப்பது எங்கள் பக்கம் கஷ்டமில்லை. 1894இல் பங்காருபேட்டையிலிருந்து தங்கவயலுக்கு ரயில் போட்ட நாளிலிருந்து ஃபிட்டரும் டர்னரும் வெல்டரும் நிறைந்த பகுதி. 1964இல் பெமல் வந்தது. 2001இல் சுரங்கம் மூடினாலும் கை வேலை ஒரே நாளில் மறந்துபோகாது. ஆனால் ஒட்டிய ரிம் வட்டமாகச் சுற்ற வேண்டும், கூட்டிய அகலம் உள்பக்கம் போக வேண்டும். உள்ளே போனால் ஷாக் அப்சார்பர் இடிக்கும், வெளியே வந்தால் மட்கார்ட் இடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே ஆஸ்திரேலியாவில் பொதுவான விதி: கம்பெனி கொடுத்த அகல டயரின் 1.3 மடங்கைத் தாண்டாதே, சக்கரங்களின் இடைவெளியை 25 மி.மீ.க்கு மேல் கூட்டாதே. நம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி முதலில் குறித்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே உறுதி செய்தது.

அவனுக்கு நான் எழுதியது இது. நாலு சக்கரத்துக்கும் 145/80 ஆர்13 ரேடியல், இன்றும் நம் சின்னக் கார்களில் ஓடுகிற அளவு, பழைய ரிம்மிலேயே உட்காரும். 132க்கு 145, சுமார் பத்து சதவீதம் கூடுதல். முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்று கலக்கவே கூடாது, திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். டயருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு ஹாஃப் ஷாஃப்டையும் கழற்றிச் சுத்தமாகத் துடைத்து, சாயம் தடவி விரிசல் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.