சங்கன் போடாத கையெழுத்து

ஸ்பெயினில் ஹோசே தெல்காதோ என்றொரு காளைப்போர் வீரர் இருந்தார். ‘பெப்பே ஈல்லோ’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். 1796இல் காளைப்போர்க் கலை பற்றி அவர் பெயரில் ஒரு புத்தகம் வந்தது. அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது, எழுதித் தந்தவர் வேறொருவர் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1801 மே 11 அன்று மாட்ரிட் களத்தில் காளை முட்டிச் செத்தார். அந்தச் சாவை ஓவியர் கோயா செப்புத் தகட்டில் வரைந்து வைத்தார்.

அங்கே காளைப்போர் 18ஆம் நூற்றாண்டிலேயே கூலி வாங்கும் தொழிலாகிவிட்டது. தொழில் என்றால் ஒப்பந்தம் உண்டு, ரசீது உண்டு, கடிதப் போக்குவரத்தும் உண்டு. 1920இல் இறந்த ஹொசெலித்தோ, 1947இல் இறந்த மனோலெத்தே போன்றவர்களின் கையெழுத்தைச் சேகரிப்பவர்கள் தேடி அலைய முடிவது அதனால்தான்.

நம் ஊரில்?

சல்லிக்கட்டில் சம்பளம் ஏது? கொம்பில் கட்டிய சல்லிக் காசு, மாட்டை அணைந்தவனுக்குச் சொந்தம். அதற்குக் காகிதம் தேவைப்படவில்லை. கலித்தொகையின் முல்லைக்கலி ஏறு தழுவுதலை விரிவாகப் பாடுகிறது. ஆனால் அது அகப்பாட்டு. தழுவியவன் பெயரைச் சொல்லாது.

பெயர் கிடைப்பது கல்லில். சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. கோவுரிச் சங்கன் என்பவர் கருவந்துறையில் எருது விளையாடிப் ‘பட்டான்’, அதாவது மாண்டான் என்கிறது அதன் எழுத்து. கருவந்துறை என்பது கல்வராயன் மலையில் உள்ள இன்றைய கருமந்துறை. கல்லை நட்டவர் சங்கனின் மகன், ‘பெரிய பயல்’. மாடு பிடித்தவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அப்பன் போன பிறகு பிள்ளை வைத்த எழுத்துதான் மிச்சம்.

இன்று அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் இணையத்தில் பதியாமல், மருத்துவர் பரிசோதிக்காமல் எவரும் களம் இறங்க முடியாது. வாடிவாசலுக்கும் காகிதம் வந்துவிட்டது.

பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடி என்று குடியேறிய தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் மாடு பிடித்த தாத்தாவோ மாமாவோ போட்ட பழைய அஞ்சலட்டை பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். எந்த ஊர் வாடி, எந்தப் பொங்கல், யார் வீட்டுக் காளை என்று தெரிந்ததைத் தனித்தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள்.

(தொடரும்)