தாயின் ஏட்டிலிருந்து பிறந்த நாவல்

மட்டாஞ்சேரி வீதிகளில் நடப்போர் மலையாளத்தோடு கொங்கணியையும் குஜராத்தியையும் தமிழையும் ஒருங்கே கேட்பர். 1568-ல் எழுந்த பரதேசி யூதர் ஆலயம் அங்கே நிற்கிறது. அருகே கோட்டைக் கொச்சியில், டச்சுக்காரர் காலத்தில் வந்த தமிழ்ச் சலவையாளரின் வழியினர் இன்றும் வாழ்கின்றனர். வந்தோரை ஏற்ற கரை அது. அக்கேரளக் கரையை விட்டுச் சென்றோரும் உண்டு. அத்தகையதொரு குடும்பத்தில் தோன்றிய அமெரிக்க நாவலாசிரியர் ஏபிரகாம் வர்கீஸைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அவர் 1955-ல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் பிறந்தார். பெற்றோர் கேரளத்திலிருந்து சென்ற ஆசிரியர்கள். அவர் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த காலத்தில், 1974-ல், சக்கரவர்த்தி ஹைலி செலாஸி பதவியிழந்தார். நாடு கலங்கியது, படிப்பு தடைப்பட்டது. அமெரிக்கா சென்ற அவ்விளைஞர் மருத்துவமனையில் கடைநிலை ஊழியரானார். மருத்துவர் வந்து போகும் சில நிமிஷங்கள் நீங்கலாக, எஞ்சிய பொழுதெல்லாம் நோயாளி படும் பாட்டை அங்கே கண்டார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை நிறைவு செய்து 1979-ல் பட்டம் பெற்றார்.

மீண்டும் அமெரிக்கா சென்று, டென்னஸி மாநிலத்தின் ஜான்சன் சிட்டி என்னும் சிற்றூரில் எய்ட்ஸ் நோயாளிகளுக்குப் பணி புரிந்தார். அந்நோய்க்கு அன்று தக்க மருந்தில்லை. குணப்படுத்த இயலாதபோதும் அருகிருந்து ஆற்றலாம் என்பதை அவர்களிடம் கற்றார். அவ்வனுபவமே 1994-ல் ‘மை ஓன் கன்ட்ரி’ என்னும் முதல் நூலாயிற்று. அடிஸ் அபாபாவைக் களமாகக் கொண்ட முதல் நாவல் ‘கட்டிங் ஃபார் ஸ்டோன்’ 2009-ல் வெளிவந்தது.

இனி, கேரளக் கதைக்கு வருவோம். அவருடைய தாயாரிடம் பேத்தி ஒருத்தி, "நீங்கள் சிறுமியாக இருந்தபோது வாழ்க்கை எப்படி இருந்தது?" என்ற கருத்தில் வினவினாள். பாட்டியார் வாயால் விடை கூறி அமையவில்லை. ஓர் ஏட்டில் எழுதி, படமும் வரைந்து தந்தார். அவ்வேடே 2023-ல் வெளிவந்த ‘தி காவனன்ட் ஆஃப் வாட்டர்’ நாவலுக்கு ஊற்றுக்கண். 1900 முதல் 1977 வரை தலைமுறைதோறும் ஒருவரை நீருக்குப் பறிகொடுக்கும் குடும்பத்தின் கதை அது. கொச்சியும் சென்னையும் அதில் இடம்பெறுகின்றன.

கேரளத்தில் பிறவாத ஒருவர் கேரளத்தை எழுத முடிந்தது, தாயின் நினைவு ஏட்டில் ஏறியதால் அன்றோ? பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களிலும் பாட்டிமார் உள்ளனர். அவர்கள் கண்ட ஊர்களை நம் மக்கள் கண்டிலர். கேட்க ஒரு குழந்தையும் எழுத ஓர் ஏடும் இருந்தால் போதும், அவ்வூர்கள் மறையா. காலம் கடத்தாமல் கேட்போமாக.