சைக்கிளில் வந்த ஃபேனியும் எங்கள் ஏலகிரி பயணமும்

செமஸ்டர் பரீட்சை, அசைன்மென்ட் என்று இரண்டு மாதமாக இந்தப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. மன்னிக்கவும். வட்டியும் முதலுமாக இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு சனி, ஞாயிறில் ஏலகிரி மலையில் சைக்கிள் ஓட்டலாம் என்று எங்கள் வகுப்பில் ஏழு பேர் முடிவு செய்தோம். வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்தார். "மயிலாப்பூர்ல இருந்து அடையாறு வரைக்கும் ஓட்டறியே, அது போதாதா? பொம்பளப் பிள்ளை மலையில சைக்கிள் ஓட்டி என்ன சாதிக்கப் போற?" என்றார். அம்மா அடுப்படியில் இருந்தபடி "போகட்டும் விடுங்க" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா பேசவில்லை. ஆனாலும் அப்பா கேட்ட கேள்விக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மலையேற்ற வரலாறு பற்றிய புத்தகம் ஒன்றைப் புரட்டியபோது கிடைத்தவர்தான் ஃபேனி.

முழுப் பெயர் ஃபேனி புல்லக் வொர்க்மன். 1859ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். அப்பா அந்த மாநிலத்தின் கவர்னராக இருந்தவர். அம்மா வழித் தாத்தா வெடிமருந்து வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர். கணவர் வில்லியம் ஹண்டர் வொர்க்மன் ஒரு டாக்டர், ஃபேனியைவிட 12 வயது மூத்தவர். உடம்பு சரியில்லை என்று வில்லியம் வேலையை விட, 1889ல் இருவரும் ஜெர்மனிக்குக் குடிபோனார்கள். போன கொஞ்ச நாளிலேயே டாக்டருக்கு உடம்பு தேறிவிட்டது! ஊருக்குத் திரும்பாமல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அவர்களைப் பிடித்துக்கொண்டதுதான் சைக்கிள் பைத்தியம்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்சக்கரம் ஆளுயரத்துக்கு இருக்கும் பழைய சைக்கிளில் பாவாடை கட்டிய பெண்கள் ஏறுவது நடக்காத காரியம். 1885ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில், பின்சக்கரத்துக்குச் செயின் வைத்து 'ரோவர்' சைக்கிளைக் கொண்டு வந்தார். 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டு வந்தார். இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் பெண்களும் தாராளமாக ஓட்டக்கூடிய வண்டியாகச் சைக்கிள் மாறியது.

வொர்க்மன் தம்பதி அல்ஜீரியா போனார்கள். 1895ல் ஸ்பெயின். அங்கே மட்டும் சுமார் 2,800 மைல். ஒரு நாளைக்குச் சராசரி 45 மைல், சில நாட்களில் 80 மைல் வரை. இதில் ஒரு சோகமும் உண்டு. அவர்களின் சின்ன மகன் 1893ல் நிமோனியாவில் இறந்துபோனான். மகள் ரேச்சலைத் தாதிகளிடமும் விடுதிப் பள்ளியிலும் விட்டுவிட்டு இவர்கள் ஊர் சுற்றினார்கள். "இதெல்லாம் ஒரு தாய் செய்யற காரியமா?" என்று நம் ஊரில் கேட்பார்கள். அப்பாவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இனிதான் நம் கதை. 1897 நவம்பரில் நம் பக்கத்துக்கான பயணம் தொடங்கியது. அப்போது ஃபேனிக்கு வயது 38, வில்லியத்துக்கு 50. அடுத்த இரண்டரை ஆண்டுகளில் இந்தியா, இலங்கை, பர்மா, ஜாவா என்று மொத்தம் ஏறக்குறைய 14,000 மைல் சைக்கிள். கிலோமீட்டரில் சுமார் 22,500. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு முப்பது தடவைக்கு மேல் போகிற தூரம். இந்தியாவின் தென்கோடியில் இருந்து இமயமலை வரைக்கும் ஓட்டினார்கள்.

அவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? கையில் இருந்த மூட்டை இவ்வளவுதான்: தேயிலை, சர்க்கரை, பிஸ்கட், பாலாடைக்கட்டி, டின்னில் அடைத்த இறைச்சி, தண்ணீர், தலையணை, ஆளுக்கு ஒரு போர்வை, எழுதுவதற்குக் காகிதம், மருந்து, பஞ்சர் ஒட்டும் சாமான்கள். தங்கிய இடங்களில் எலித் தொல்லை. வெளியே வந்தால் கொசு. பல நாட்களில் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம். எல்லாவற்றையும்விட என்னை அசத்தியது ஒன்று. சில நாட்களில் ஒரே நாளில் 40 பஞ்சர் வரை ஒட்டியிருக்கிறார்கள்! நம் ரோட்டோரக் கருவேல முள்ளை மிதித்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். மந்தைவெளியில் நான் போகிற பஞ்சர் கடை அண்ணனிடம் இதைச் சொன்னேன். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி எங்கே குமிழ் வருகிறது என்று பார்த்துக்கொண்டே, "அந்தம்மா கடை போட்டிருந்தா நல்லா சம்பாதிச்சிருக்கும்" என்றார்.

இதெல்லாம் பாவாடை கட்டிக்கொண்டு, இன்றைய சைக்கிள்களில் இருக்கும் கியர் வரிசையோ ஷாக் அப்சார்பரோ இல்லாத வண்டியில். அப்பாவுக்குச் சொல்ல எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று குதித்தேன்.

ஆனால் மேலே படிக்கப் படிக்க உற்சாகம் கொஞ்சம் இறங்கியது.

இந்தப் பயணத்தைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 1904ல் வெளிவந்தது. இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 'நகரத்தினூடே, காட்டினூடே' என்று பொருள் வரும் தலைப்பு. அதற்குக் கீழே இந்தியச் சமவெளியின் கோயில்களும் மக்களும் என்று வேறு போட்டிருக்கிறார்கள். கோயில்கள் ஏராளம், கோபுரம், தூண், சிற்பம் எல்லாவற்றையும் பற்றி எழுதியிருக்கிறார்கள், நிறைய படமும் எடுத்திருக்கிறார்கள். மக்கள்தான் குறைவு. அந்தத் தூண்களின் நிழலில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள், என்ன பேசினார்கள் என்று தேடினால் கைக்கு அதிகம் சிக்காது.

1898ல் வெயிலுக்குப் பயந்து இருவரும் இமயமலைப் பக்கம் ஒதுங்கினார்கள். சைக்கிளை வைத்துவிட்டு 14,000 முதல் 18,000 அடி உயரமுள்ள கணவாய்களை நடந்தே கடந்தார்கள். இமயமலை ஆசை அங்கேதான் தொற்றியது. அக்டோபரில் கஞ்சன்ஜங்கா பக்கம் போக சிக்கிமில் கூலிகளை அமர்த்திக் கிளம்பினார்கள். குளிர்காலம் நெருங்கிவிட்டது. ஒரு நாளைக்கு 5 மைல்தான் நகர முடிந்தது. பனியைத் தொட்ட மூன்றாம் நாள், இந்தக் குளிரில் இனி முடியாது என்று சுமை தூக்கியவர்கள் மறுத்துவிட்டார்கள். எல்லோரும் டார்ஜிலிங்குக்குத் திரும்பினார்கள். பயணம் கெட்டது கூலிகளால்தான் என்பது தம்பதியின் கட்சி. சுமை தூக்கியவர்களின் கட்சியை எழுதி வைக்க ஆள் இல்லை.

நான் படிப்பது பி.காம். எங்களுக்கு முதல் வருடமே சொல்லித் தருவது இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதியே ஆக வேண்டும். வொர்க்மன் தம்பதியின் பேரேட்டில் மைல் கணக்கு இருக்கிறது, அடிக் கணக்கு இருக்கிறது. அந்த உயரத்துக்கு மூட்டையைச் சுமந்து போன தோள்களின் கணக்கில் பெயர் இல்லை. அப்படி ஒரு கணக்கைக் காட்டினால் எங்கள் பேராசிரியர் பேப்பரைத் தூக்கி மூஞ்சியில் எறிவார்.

ஃபேனியைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. 1906ல், தன் 47 வயதில், லடாக் பகுதியிலுள்ள நுன் குன் மலைக்கூட்டத்தில் 6,930 மீட்டர் உயரமுள்ள பினக்கிள் சிகரத்தில் ஏறினார். பெண்களில் அந்த உயரச் சாதனை 1934 வரை முறியடிக்கப்படவில்லை. நடுவில் ஆன்னி பெக் என்ற இன்னொரு அமெரிக்கப் பெண், பெரு நாட்டில் தான் அதைவிட உயரம் ஏறியதாகச் சொன்னபோது, ஃபேனி சொந்தப் பணம் 13,000 டாலர் செலவழித்து ஆட்களை அனுப்பி அந்த மலையையே அளக்க வைத்தார்! மலை குட்டைதான் என்று நிரூபித்தும் காட்டினார். 1912ல் சியாச்சின் பனியாற்றில், சுமார் 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் பத்திரிகையைப் பிரித்துப் பிடித்தபடி நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்தால் யாருக்கும் சிலிர்க்கும். பெண்களுக்கு உரிமை கேட்ட அதே ஆளுக்கு, கூடவே நடந்து வந்த மலைவாசியின் கஷ்டம் ஏன் கண்ணில் படவில்லை? இந்தக் கேள்வியோடுதான் நான் ஏலகிரிக்குக் கிளம்பினேன்.

மலைக்கென்றே சைக்கிள் செய்தது ரொம்பப் பிந்தித்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களை மலை மேல் கொண்டுபோய் மண்பாதையில் உருட்டி விளையாடினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் எல்லாம் சூட்டில் புகைந்து போகும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கிரீஸ் திணிக்க வேண்டும். அதனாலேயே 1976 அக்டோபர் 21ல் தொடங்கிய அவர்களின் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். அடுத்த வருடமே ஜோ ப்ரீஸ் மலைக்கென்றே தனிச் சட்டகம் செய்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே சேர்ந்துவிட்டது.

சென்னைக்கும் வார இறுதி மலை ஆசையைப் பெரிய அளவில் பரப்பியவர்களில் ஒரு வெளிநாட்டவர் உண்டு. வேலைக்காக இங்கே வந்த பெல்ஜியக்காரர் பீட்டர் வான் கைட், 2008ல் சென்னை ட்ரெக்கிங் கிளப்பைத் தொடங்கினார். ஐ.டி. கம்பெனியில் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்த நம் பிள்ளைகள் சனிக்கிழமை ஆனால் காட்டுக்கும் மலைக்கும் கிளம்பியது அப்படித்தான். நம் வீட்டுக் கொல்லைப்புறத்தை நமக்குக் காட்ட வெளியூர்க்காரர் வர வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் மலைவாழ் மக்களுக்கு அந்தப் பாதைகள் எப்போதுமே தெரிந்திருந்தன.

சரி, ஏலகிரிக்கு வருவோம். ஏழு சைக்கிளையும் ஒரு குட்டி யானையில் ஏற்றி அடிவாரத்தில் இறக்கினோம். மலை சுமார் 1,100 மீட்டர் உயரம், 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர், வள்ளல் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான்காவது வளைவிலேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. பாதியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன் (சிரிக்காதீர்கள்). ஒன்பதாவது வளைவில் ஒருத்தனின் செயின் அறுந்தது. எங்களிடம் டூல்ஸ் இல்லை. பின்னாலேயே மெதுவாக வண்டியில் வந்துகொண்டிருந்த டிரைவர் அண்ணன் இறங்கி, ஒரு ஆணியும் கல்லும் வைத்து லிங்க்கைத் தட்டிச் சேர்த்துக் கொடுத்தார். சின்ன வயதில் சைக்கிள் கடையில் வேலை பார்த்தவராம். மேலே டீக்கடை அக்கா, கேட்காமலேயே எல்லோருக்கும் வெந்நீர் கொடுத்தார்.

இரவு வீட்டுக்கு வந்து பார்த்தால், நண்பர்கள் போட்ட படங்களில் நாங்கள் ஏழு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். 'மலையை ஜெயித்துவிட்டோம்' என்று தலைப்பு. நானும் அதற்கு லைக் போட்டிருந்தேன். டிரைவர் அண்ணன் ஒரு படத்திலும் இல்லை. பதினாலு வளைவின் பெயரையும் நின்று படித்துவிட்டு வந்த எனக்கு அவர் பெயர் தெரியவில்லை. 120 வருடம் முன்னால் ஃபேனி செய்ததைத்தான் நாங்களும் செய்திருந்தோம். மறுநாள் போன் செய்து நன்றி சொல்லிவிட்டு, பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவரைக் கேட்காமல் பொதுவில் போடுவது சரியில்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

அன்று ராத்திரி ஃபேனி கதையை அம்மாவிடம் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "நானும் ஓட்டியிருக்கேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அம்மாவுக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-92ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கச் சொல்லித் தருவதோடு சைக்கிள் ஓட்டவும் சேர்த்துச் சொல்லித் தர வைத்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்க அதுவே வசதியாகவும் இருந்ததாம். சைக்கிள் ஓட்டிக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றில் மட்டும் 70,000 பெண்களுக்கு மேல் கலந்துகொண்டார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார்.

அப்போது அம்மாவுக்கு 15 வயது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டாராம். தாத்தா திட்டினாராம். ஒரே வாரத்தில் அம்மா கேரியரில் குடத்தைக் கட்டித் தண்ணீர் கொண்டு வர ஆரம்பித்ததும் திட்டு நின்றுவிட்டதாம். "எத்தனை மைல் ஓட்டியிருப்பீங்க?" என்று கேட்டேன். "யாரு கணக்கு வெச்சா?" என்றார்.

அப்பாவுக்கு ஃபேனியைப் பற்றி நான் சொல்லவே இல்லை. தேவைப்படவில்லை. போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு அம்மாவைச் சாந்தோம் பக்கம் அழைத்துப்போய் என் சைக்கிளைக் கொடுத்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கியரைப் பார்த்துப் பயந்தார். முதலில் கொஞ்சம் ஆடியது. அப்புறம் நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. அப்பா நடைபாதையில் நின்றபடி போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கணக்கில் வராத சைக்கிள்காரர்கள் இருப்பார்கள். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.